மாசம் எவ்ளோ வரும்ணே?

மக்களே, சந்தை பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஜாஸ்தி (பொட்டி தட்டுற சனத்துக்குப் புரியும்). ஆனா இந்த விஷயத்தை எழுதாம விட்டா தூக்கம் வராது போல இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, நடுவுல கணக்கு வேற வரும். பொறுத்துக்குங்க.

நான் பங்குச்சந்தையில கொஞ்சம் காசு போட்டு எடுக்குற ஆளுன்னு தெரிஞ்சா போதும். டீக்கடையா இருந்தாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியா இருந்தாலும் சரி, மதுரையில எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான். "மாசம் எவ்ளோ வரும்ணே?"

எந்தக் கம்பெனி, எத்தனை வருஷம், நட்டம் வந்தா என்ன பண்ணுவ? ம்ஹூம். இதெல்லாம் யாரும் கேக்குறதில்ல. நம்மாளுங்க சந்தையில காசு விடுறதுக்குக் காரணம் டெக்னிக்கல் அனாலிசிஸ் தெரியாததோ, நல்ல ஸ்ட்ராட்டஜி கிடைக்காததோ இல்லைங்கிறது என் கட்சி. உள்ள போகும்போதே இந்தக் கேள்வியைக் கையில எடுத்துக்கிட்டுப் போறதுதான் காரணம்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, அது வட்டிக் கணக்குல இருந்து வந்தது. நம்ம பக்கம் காசுக்கு அளவுகோலே 'நூத்துக்கு எத்தனை வட்டி'ங்கிறதுதான். நூத்துக்கு ரெண்டுன்னா வருஷத்துக்கு 24 சதவீதம். மூணுன்னா 36. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல தனிச் சட்டமே போட வேண்டிய அளவுக்கு இது நம்ம ரத்தத்துல ஊறிப்போன விஷயம். இந்த அளவுகோலை வச்சு பேங்க் டெபாசிட்டைப் பாத்தா சிரிப்புதான் வரும். வருஷம் 7 சதவீதம்னா மாசம் நூத்துக்கு 58 பைசா. "இதுக்கு எதுக்குப்பா பேங்குக்குப் போய் வரிசையில நிக்கணும்?"னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம்தான்.

இந்த மனசை நல்லா தெரிஞ்சு வச்சிருக்கவங்க ஒரு கூட்டம் இருக்காங்க. மாசம் 25, 30 சதவீதம் தர்றோம்னு சொல்லி ஒரு லட்சம் பேர்கிட்ட 2,438 கோடி ரூபாய் வாங்கினதா ஆருத்ரா நிறுவனத்து மேல 2022-ல வழக்கு வந்துச்சு. அது சென்னைக் கதைன்னு நாம உச்சு கொட்டிக்கிட்டு இருந்தோம். அடுத்த வருஷமே, 2023-ல, மதுரையைத் தலைமையிடமா வச்ச நியோமேக்ஸ் மேல பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்கு போட்டுச்சு. மனையும் தர்றோம், அதிக வட்டியும் தர்றோம்னு சொல்லி பல ஆயிரம் பேர்கிட்ட பணம் வாங்கினாங்கங்கிறது குற்றச்சாட்டு. தீர்ப்பு சொல்ல வேண்டியது கோர்ட்டு, நான் இல்ல. நான் சொல்ல வர்றது போட்டவங்களைப் பத்தி. அவங்க எல்லாரும் ஏமாளியோ பேராசைக்காரங்களோ கிடையாது. ரிட்டயர்டு வாத்தியார், வெளிநாட்டுல வேலை பாத்துட்டு வந்தவர், நிலம் வித்த காசை வச்சிருந்தவர்னு நம்ம வீட்டுப் பக்கத்து ஆளுங்கதான். 'மாசம் எவ்ளோ வரும்?'னு கேட்டாங்க. கேட்டதுக்கு ஒரு நம்பர் பதிலா வந்துச்சு. அம்புட்டுதான்.

நிற்க. இதுக்கும் டிரேடிங்குக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சொல்றேன்.

டெபாசிட் கம்பெனிகளைப் பாத்து சூடுபட்ட அப்பாக்களோட புள்ளைங்க இப்ப அதே கேள்வியை ஆப்ஷன் டிரேடிங்க பாத்து கேக்குறாங்க. கையில போன், அதுல ஒரு ஆப், டெலிகிராம்ல ஒரு குரூப். செபி 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ-வுல இறங்கின தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல. அதுல 93 சதவீதம் பேருக்கு நட்டம். சராசரியா தலைக்கு சுமார் 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கும் மேல. செலவெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவங்க வெறும் 1 சதவீதம். 2024-25 கணக்கும் வந்துச்சு: 91 சதவீதம் பேருக்கு நட்டம், அந்த ஒரே வருஷத்துல 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி ரூபாய்.

அந்த ஆய்வுல என்னை உறுத்துன நம்பர் வேற. இந்த டிரேடர்கள்ல 72 சதவீதம் பேர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளிய இருக்குறவங்க. அதாவது நம்ம மதுரை மாதிரி ஊர்க்காரங்க. மியூச்சுவல் ஃபண்டுல இந்தப் பங்கு 62 சதவீதம்தான். சின்ன ஊர்க்காரன் ஃபண்டை விட ஆப்ஷனைத்தான் அதிகமா தேடிப் போயிருக்கான். 30 வயசுக்குக் கீழ இருக்குறவங்க பங்கு ஒரே வருஷத்துல 31-ல இருந்து 43 சதவீதமா ஏறியிருக்கு. அதாவது என் செட்டுப் பசங்க.

இப்ப என் காலேஜ் ஜூனியர் பையன் ஒருத்தனைப் பத்தி சொல்லணும். நல்ல பையன், மூளைக்காரன், சென்னையில வேலை. அப்பா ரிட்டயர் ஆகி வந்த காசு 8 லட்சம் இருக்கு. வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து முழுநேரமா டிரேடிங் பண்ணப் போறேன்னு நிக்கிறான். "பேராசை எல்லாம் இல்லண்ணே. மாசம் வெறும் அஞ்சு பர்சென்ட். நாப்பதாயிரம். என் சம்பளம் அளவுக்கு வந்தா போதும்ணே."

வெறும் அஞ்சு பர்சென்ட். வட்டிக்கடைக் கணக்குல சொன்னா அஞ்சு வட்டி. வெளிய எடுக்காம கூட்டு வட்டியில விட்டா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 80 சதவீதம். வாரன் பஃபெட்டோட பெர்க்‌ஷயர் ஹாத்வே பங்கு 1965-ல இருந்து 2024 வரைக்கும் வருஷத்துக்கு சராசரியா 19.9 சதவீதம் வளந்திருக்கு. அதை மாசக் கணக்காக்கினா நூத்துக்கு ஒண்ணரை ரூபா வட்டி! உலகமே கும்பிடுற முதலீட்டாளர் நம்ம ஊரு அளவுகோல்ல வெறும் ஒண்ணரை வட்டி ஆளு. நம்ம தம்பி அஞ்சு வட்டி கேக்குறான். அதுவும் மாசா மாசம், முதல் தேதி தவறாம.

அந்த ஒண்ணரை வட்டியும் மாசா மாசம் வந்ததில்லைங்கிறது இன்னொரு விஷயம். சந்தைக்கு முதல் தேதி தெரியாது. 2008 ஜனவரியில 6,300-க்கு மேல இருந்த நிஃப்டி அக்டோபர்ல 2,300-க்குக் கீழ போயிட்டு வந்துச்சு. 2020-ல ரெண்டே மாசத்துல 40 சதவீதம் கிட்ட இறங்கிச்சு. அந்த மாசத்துலயும் வீட்டு வாடகை, அப்பா மருந்து, பால் கணக்கு எல்லாம் கரெக்டா வந்திருக்கும்.

சரி, "எங்கிட்ட நல்ல ஸ்ட்ராட்டஜி இருக்குண்ணே, பேக்டெஸ்ட் பண்ணிட்டேன்"னு சொல்றான். இருக்கட்டும். நூத்துக்கு அறுபது தடவை ஜெயிக்கிற ஸ்ட்ராட்டஜின்னே வச்சுக்குவோம். ஜெயிச்சா போட்ட அளவு லாபம், தோத்தா போட்டது போச்சு. கையில ஒரு லட்சம். நூறு டிரேடு, அதுல 60 வெற்றி, 40 தோல்வி.

ஒவ்வொரு தடவையும் கையில இருக்குறதுல 10 சதவீதம் பணயம் வச்சா, நூறாவது டிரேடு முடியும்போது கையில சுமார் நாலரை லட்சம் இருக்கும். சூப்பர்.

அதே நூறு டிரேடு, அதே 60-40. ஒவ்வொரு தடவையும் பாதிப் பணத்தை வச்சா? கையில மிஞ்சுறது சுமார் 3,300 ரூபாய்.

எழுத்துப் பிழை இல்லைங்க. மூவாயிரத்து முன்னூறுதான். நம்பலைன்னா கால்குலேட்டர்ல 1.5-ஐ அறுபது தடவையும் 0.5-ஐ நாப்பது தடவையும் பெருக்கிப் பாருங்க. எந்த வரிசையில பெருக்கினாலும் விடை மாறாது. ஸ்ட்ராட்டஜி ஒண்ணுதான், மாறினது எவ்வளவு வச்சோம்ங்கிறது மட்டும். இந்தக் கணக்கு புதுசும் இல்ல. பெல் லேப்ஸ்ல இருந்த ஜான் கெல்லி 1956-லயே எழுதி வச்சுட்டுப் போயிட்டார்.

'படிச்சவனுக்கு இது தெரியாதா'ன்னு கேக்கலாம். விக்டர் ஹகானின்னு ஒருத்தர். எல்டிசிஎம்-னு அமெரிக்க ஃபண்டு ஒண்ணு, 1997-ல பொருளாதார நோபல் வாங்கின ரெண்டு பேரும் அதுல பங்குதாரர்கள். அடுத்த வருஷமே, 1998-ல, அளவுக்கு மீறின கடனால கவுந்து, 14 வங்கிகள் சேந்து 360 கோடி டாலர் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியதாச்சு. அந்த ஃபண்டை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர்தான் ஹகானி. அவரும் ரிச்சர்ட் டீவியும் 2016-ல ஒரு சோதனையோட முடிவை எழுதினாங்க. நிதி படிச்ச, நிதித் துறையில இருக்குற 61 பேர்கிட்ட ஆளுக்கு 25 டாலர் குடுத்து, கம்ப்யூட்டர்ல ஒரு நாணயத்தைச் சுண்டச் சொன்னாங்க. தலை விழ 60 சதவீதம் வாய்ப்புன்னு முன்னாடியே சொல்லியாச்சு. இதுக்கு மேல என்ன ஸ்ட்ராட்டஜி வேணும்? இருந்தும் 28 சதவீதம் பேர் மொத்தத்தையும் விட்டுட்டு எந்திரிச்சாங்க. மூணுல ரெண்டு பேர் எப்பயாவது ஒரு தடவை 'பூ' மேலயும் கட்டியிருக்காங்க!

இதுக்குப் பேர்தான் பண மேலாண்மை. யூடியூப்ல இதுக்கு வியூஸ் வராது. "ரகசிய இண்டிகேட்டர்"னு போட்டா வரும்.

இப்ப மறுபடி நம்ம கேள்விக்கு வாங்க. மாச டார்கெட்டும் பண மேலாண்மையும் ஒரே உறையில இருக்காது. எப்படின்னா, மாசம் 40,000 வேணும். 20-ம் தேதி வரைக்கும் 15,000 நட்டம். மீதி இருக்குற பத்து நாள்ல 55,000 எடுக்கணும். என்ன பண்ணுவான்? அளவைக் கூட்டுவான். நல்ல வாய்ப்பு இல்லாத நாள்லயும் டிரேடு போடுவான். ஸ்டாப்லாஸைக் கொஞ்சம் தள்ளி வைப்பான், அப்புறம் எடுத்தே விடுவான். பையன் மோசமில்ல, டார்கெட் அவனைத் தள்ளுது. 60 சதவீதம் ஜெயிக்கிறவனையும் 10 சதவீதப் பணயத்துல இருந்து 50 சதவீதப் பணயத்துக்கு இழுத்துட்டுப் போறது இந்த முதல் தேதிதான்.

ஆப்ஷன் வாங்குறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. மதுரைக்காரனுக்கு இதைப் புரியவைக்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் போதும். 2013-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம மல்லி, முகூர்த்த நாள் சமயத்துல கிலோ ஆயிரக்கணக்குல போகும். மத்த நாள் சில நூறுக்கு இறங்கும். விலை ஏறும்னு நீங்க சரியாவே கணிச்சு இன்னிக்கு பத்து கிலோ வாங்கி வைக்கிறீங்க. முகூர்த்தம் நாலு நாள் கழிச்சு. உங்க கணிப்பு சரி, பூ வாடிப்போச்சு. வாராந்திர ஆப்ஷனும் இப்படித்தான். திசையை மட்டும் சரியா சொன்னா பத்தாது, எப்ப, எவ்வளவு வேகமாங்கிறதும் சரியா இருக்கணும். மிஞ்சின மல்லியை சென்ட் கம்பெனிக்காரனாவது எடுத்துக்குவான். காலாவதியான ஆப்ஷனை எவனும் சீந்த மாட்டான்.

அந்த மார்க்கெட்டுல பூ வாங்கிட்டுப் போய்க் கட்டி விக்கிற அக்காக்களைப் பாருங்க. நாளைக்கு விலை எகிறும்னு அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எவ்வளவு விக்க முடியுமோ அவ்வளவுதான் வாங்குவாங்க. எந்தச் சார்ட்டும் பாக்காம பொசிஷன் சைசிங் பண்றவங்க அவங்கதான்.

"அப்ப ஆப்ஷனை வித்துட்டா? வாடுறது நமக்கு லாபம்தானே?"ன்னு புத்திசாலித்தனமா கேப்பான். ஆமா, பல வாரம் கொஞ்சம் கொஞ்சமா வரும். பாக்குறதுக்கு அப்படியே வட்டி மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்தே. ஒரு நாள் சந்தை தாறுமாறா போனா, பல மாசம் சேத்ததை ஒரே மத்தியானத்துல எடுத்துட்டுப் போயிரும். எதிர்ல யாருன்னும் பாக்கணும். 2023-24-ல இந்தச் சந்தையில வெளிநாட்டு நிறுவனங்களும் புரோக்கர்களோட சொந்தக் கணக்கு டிரேடர்களும் பாத்த லாபத்துல 95 சதவீதத்துக்கும் மேல கம்ப்யூட்டர் அல்காரிதம் மூலமா வந்ததுன்னு அதே ஆய்வு சொல்லுது. 2025 ஜூலையில ஜேன் ஸ்ட்ரீட்ங்கிற அமெரிக்க நிறுவனம் எக்ஸ்பைரி நாள்ல இண்டெக்ஸை வளைச்சதா சொல்லி 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொல்லி செபி இடைக்கால உத்தரவு போட்டுச்சு. அவங்க மறுத்து மேல்முறையீட்டுக்குப் போனாங்க. யார் பக்கம் நியாயம்ங்கிறது இருக்கட்டும். திருமங்கலத்துல ஜியோ சிம்மை வச்சுக்கிட்டு உக்காந்திருக்குற தம்பி எந்த ரிங்குல ஏறுறான்னு தெரிஞ்சுக்கணும்ல?

பாடம் எடுக்குற குருமாருங்க கதை இன்னும் விசேஷம். 'பாப் ஆஃப் சார்ட்'னு பேர் வச்சு கோர்ஸ் வித்தவர்கிட்ட 17 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி 2023 அக்டோபர்ல செபி உத்தரவு போட்டுச்சு. அதுலயே இருக்கு, 2021-ல இருந்து 2023 ஜூலை வரைக்கும் அவரோட சொந்த டிரேடிங்ல கிட்டத்தட்ட 3 கோடி நட்டம்னு. வைத்தியரே ஐசியூவுல படுத்துக்கிட்டு மருந்து வித்திருக்காரு :-)

சரி, குறை மட்டும் சொன்னா எப்படி? நான் தம்பிக்குச் சொன்னதை இங்கயும் போடுறேன்.

1. வேலையை விடாதே. சம்பளம் வர்ற வரைக்கும்தான் 'இன்னிக்கு டிரேடு இல்ல'ன்னு சொல்ற தைரியம் இருக்கும்.

2. அப்பா காசைத் தொடாதே. பேரணையில இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், மேலூர், திருமங்கலம் பக்கம் ஒருபோகம். அணையில தண்ணி இருந்தா உண்டு, இல்லைன்னா இல்ல. அந்த ஒருபோகத்து சம்சாரியும் பொய்ச்சுப்போன வருஷத்துல கடன் வாங்குவான், ஆடு மாட்டை விப்பான், விதைநெல்லை மட்டும் கடைசி வரைக்கும் தொட மாட்டான். அடுத்த மழைக்கு விதைக்க அது இருந்தாகணும். ரிட்டயர்மென்ட் காசு உன் அப்பாவோட விதைநெல். அவருக்கு அடுத்த மழை கிடையாது.

3. ஒரு டிரேடுல மொத்தக் காசுல 1 சதவீதத்துக்கு மேல தோக்காதே. உன் சொந்தக் காசு 2 லட்சம்னா 2,000 ரூபாய். 500 ரூபாய் பங்குக்கு 480-ல ஸ்டாப்லாஸ்னா வித்தியாசம் 20. 2,000-ஐ 20-ஆல வகுத்தா 100 பங்கு. சில நாள் விலை ஸ்டாப்லாஸைத் தாண்டிக் குதிச்சுத் திறக்கும், அதனாலதான் இன்னும் கம்மியா வச்சாலும் தப்பில்லைங்கிறேன். எவ்ளோ வாங்கணும்ங்கிறதை ஆசை முடிவு பண்ணக்கூடாது, இந்த வகுத்தல் முடிவு பண்ணணும்.

4. இந்தக் கணக்குல ஒரு லாட்டு எஃப் அண்ட் ஓ வாங்க முடியலையா? அப்ப அது உனக்கானது இல்ல. 2024 நவம்பர்ல இருந்து புதுசா வர்ற இண்டெக்ஸ் ஒப்பந்தத்தோட மதிப்பு குறைஞ்சது 15 லட்சம். 2 லட்சத்தை வச்சுக்கிட்டு 15 லட்சத்தைத் தூக்கினா கை நடுங்கத்தான் செய்யும்.

5. நோட்டுல எழுது. புரோக்கரேஜ், எஸ்டிடி, ஜிஎஸ்டி எல்லாம் போக. 2023-24-ல ஒரு டிரேடர் சராசரியா கட்டின செலவு மட்டும் 26,000 ரூபாய். வருஷக் கடைசியில ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டோட ஒப்பிட்டுப் பாரு. அதைத் தாண்டலைன்னா நீ பண்றது பொழுதுபோக்கு. தப்பில்ல, சினிமாவுக்குச் செலவு பண்ற மாதிரி பண்ணு.

இதுக்கு வர்ற நியாயமான எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு. "சம்பளம் இருக்குறவன் நீ பேசுவ. இந்த ஊர்ல படிச்சுட்டு 12,000 ரூபாய் வேலைக்குப் போறவன் எப்ப முன்னேறுறது? உன் 1 சதவீதத்துல அவனுக்கு என்ன கிடைக்கும்?" உண்மைதான், பெருசா ஒண்ணும் கிடைக்காது. சின்ன முதல்ல சந்தை யாருக்கும் சம்பளம் தர்றதில்ல. அந்த வேதனை நிஜம். மதுரையில வேலை பத்தலைங்கிறதும் நிஜம். ஆனா அந்த வேதனைக்கு எஃப் அண்ட் ஓ மருந்து இல்ல. அந்த ஆய்வுல வந்த டிரேடர்கள்ல முக்கால்வாசிக்கும் மேல வருஷ வருமானம் 5 லட்சத்துக்குக் கீழன்னு சொன்னவங்க. அவங்ககிட்ட இருந்து போன காசுதான் அது. பஞ்சத்துல இருக்குறவன்கிட்டயே பிடுங்குற இடத்தை முன்னேற்றப் பாதைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

தம்பி இன்னும் முழுசா ஒத்துக்கல. "நீ ரொம்ப பயப்படுறண்ணே"ங்கிறான். கடைசியா ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். ஒரு வருஷம் வேலையில இருந்துக்கிட்டே சொந்தக் காசு 50,000-ல மட்டும் பண்ணுவான், மாசா மாசம் நோட்டை எனக்குக் காட்டுவான். அப்பா காசு அது வரைக்கும் பேங்க்ல, அம்பத்தெட்டு பைசா வட்டியில தூங்கும். தூங்கட்டும்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு தம்பி, மச்சான் இருப்பான். 60-40 கணக்கை அவன் கையாலயே கால்குலேட்டர்ல போடச் சொல்லுங்க. நாம சொன்னா ஏறாது, அந்த 3,300 சொன்னா ஏறும்.

டிஸ்கி: நான் செபியில பதிவு பண்ணின ஆலோசகர் இல்ல, வெறும் பொட்டி தட்டுற ஆளு. இதைப் படிச்சுட்டு 'எந்தப் பங்கு வாங்கலாம்ணே'ன்னு கேட்டு யாரும் வராதீங்க. 'மாசம் எவ்ளோ வரும்'னு கேட்டு சத்தியமா வராதீங்க :-)